தூக்காத துண்டு

எனக்கு முதலில் அநியாயம் செய்தவர் குத்தாலிங்கம். என் கூடப்பிறந்த அக்காளைக் கட்டியவர், ஆகையால் எனக்கு அத்தான். ஆனைச்சரிவு வேட்டைக்கூட்டத்துக்குத் தலைவர், ஆகையால் ஊருக்கே பெரியவர். அவருக்குப் பிறகு எனக்கு அநியாயம் செய்தவர்களை வரிசையாகச் சொல்லப்போனால் ஊரில் பாதிப்பேர் வந்துவிடுவார்கள், ஆனால் முதல் ஆள் அவர்தான், அதை முதலிலேயே சொல்லிவிட்டால்தான் எனக்கு மேற்கொண்டு மூச்சு ஓடும்.

வேட்டைக்குத் தடை வராத காலம் அது. எங்கள் ஊருக்கு மேற்கே மலை, மலைக்கும் ஊருக்கும் நடுவே சோளமும் கடலையும் மரச்சீனிக்கிழங்கும், அவற்றைத் தின்ன மலையிலிருந்து இறங்கி வரும் மிளா. மான் இனம்தான், கழுதை உயரம், கரும்பழுப்பு மயிர், கடாவுக்கு மட்டும் கொம்பு. தை மாதம் பொங்கல் கழிந்து மூன்று நாள் ஊர் மொத்தமும் வேட்டைக்குப் போகும். தப்படித்துக் கலைப்பவர்கள் மேலே ஏறிக் கீழே விரட்டிக்கொண்டு வருவார்கள், துப்பாக்கிக்காரர்கள் ஓடைவாயில் தழைக்குள் உட்கார்ந்திருப்பார்கள். தழைக்குள் இருப்பவனுக்கு மிளாவின் காலும் நெஞ்சும்தான் தெரியும், தலை தெரியாது. அதனால் கொம்பு பார்ப்பதற்கென்று ஒருவன் ஓடைக்கு எதிரே மொட்டைப்பாறையின் மேல் சிவப்புத் துண்டோடு நிற்பான். வருவது கிளை விட்ட கொம்புள்ள கடாவாக இருந்தால் துண்டைத் தூக்குவான், சுடலாம். பெட்டையாக இருந்தாலும் இளங்கடாவாக இருந்தாலும் துண்டு தோளிலேயே கிடக்கும், துப்பாக்கி தரையைப் பார்க்க வேண்டும். அந்தத் துண்டுக்காரன் நான். எனக்கு முன்னால் என் அப்பா, அவருக்கு முன்னால் அவருடைய அப்பா.

இளங்கடாவுக்கு முதல் கொம்பு கிளையில்லாமல் தென்னை ஈர்க்கு போல நேராக நிற்கும், அதை நாங்கள் ஈர்க்குக்கொம்பன் என்போம். அடுத்த வருஷம் அது விழுந்து இரண்டு கிளையோடு முளைக்கும், அதற்குப் பிறகு மூன்று. மூன்றுக்கு மேல் மிளாவுக்கு இல்லை. வருஷாவருஷம் பங்குனியில் கொம்பு விழும், ஆடியில் தோல் மூடிய மொட்டாக முளைக்கும், கார்த்திகையில் தோல் உரிந்து எலும்பாக நிற்கும். இவ்வளவுதான் நான் படித்த படிப்பு, இதில் என்னைத் தோற்கடிக்க அன்றைக்கும் ஆள் இல்லை, இன்றைக்கும் இல்லை.

அந்த வருஷம் மழை தப்பிப்போய் மலையில் புல் இல்லை, மிளா கூட்டம் கூட்டமாக இறங்கி பூரணத்தின் ஒரு ஏக்கர் கடலையை வேரோடு தின்றுவிட்டுப் போயின. பூரணம் புருஷன் இல்லாதவள், இரண்டு பிள்ளைகளை அந்த ஒரு ஏக்கரை வைத்துத்தான் வளர்த்தாள். வேட்டைக்கு முந்தின சாயங்காலம் சாஸ்தா கோயில் முன்னால் கூட்டம் கூடியபோது அவள் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து வந்து நடுவில் நின்றாள்.

"கொம்புல எத்தன கிளைன்னு எண்ணிப் பாத்துட்டா அது எங் கடலையத் திங்குது? ஈர்க்குக்கொம்பனுக்கும் வாயி இருக்குல்லா?" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. குத்தாலிங்கம் மீசையைத் தடவிக்கொண்டு, "அவ சொல்லுததும் சரிதான். இருபது பெட்டைக்கு ஒரு கெழட்டுக் கடா போதும். சின்னப்பயலுவ சும்மா மேஞ்சுக்கிட்டு அலையுதானுவ. அதுல பத்த எடுத்தா காட்டுக்கு என்னவே நட்டம்?" என்றார்.

"இன்னைக்கு ஈர்க்கா நிக்கிறதுல எது நாளைக்குப் பெரிய கடாவா வரும்னு யாருக்குத் தெரியும் அத்தான்? கெழடு செத்தா அந்த இடத்துல யாரு நிக்கிறது?" என்றேன் நான். "பயிரு போவுதுன்னா பெட்டையில கொஞ்சம் எடுங்க. அதுதான குட்டி போடுது."

"பெட்டையச் சுடுததா! பாவம்லா!" என்று பத்துக் குரல் எழுந்தது.

"பாவம் கொம்பு இருக்கா இல்லையான்னு பாத்தா வருது?" என்று கேட்டேன்.

டீக்கடை தவசி, எதிலும் ஒரு கேலி சொல்லாமல் விடமாட்டான், "அண்ணாச்சிக்குப் பாவமே துண்டு தூக்குனாத்தான் வரும்போல" என்றான். அதற்குச் சிரித்தார்கள். பூரணம் சிரிக்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் பிள்ளைகளின் பசி நியாயம்தான் என்பதை நான் இப்போதும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வழக்கம் வழக்கம்தான், அதை மாற்ற வேண்டுமானால் ஊர் கூடி மாற்றட்டும் என்றேன். ஊர் முடிவெடுக்காமல் கலைந்தது.

மறுநாள் காலை பத்துமணி இருக்கும். மொட்டைப்பாறை சுட ஆரம்பித்திருந்தது. தப்புச் சத்தம் கீழே இறங்கி வந்தது, ஓடையின் மேல்வளைவில் ஒரு மிளா தலையை உயர்த்தி நின்றது. ஈர்க்குக்கொம்பன். வலதுகொம்பு இடதைவிட ஒரு விரல் நீளம். நான் கையை அசைக்கவில்லை. துண்டு தோளில் கிடந்தது, வேர்வைக்குக்கூட அதை எடுக்கவில்லை, நெற்றியிலிருந்து வேர்வை கண்ணில் இறங்கி எரிந்தது, எனக்கு இன்றைக்கும் எரிகிறது. துப்பாக்கி வெடித்தது. மிளா முன்னங்காலை மடக்கிக்கொண்டு, கும்பிட வந்ததுபோல, ஓடைக்குள் விழுந்தது.

சுட்டவர் குத்தாலிங்கம். எல்லோரும் ஓடி வந்து கொம்பைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தார்கள். அவர் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, நிதானமாக, பாறையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்த என்னைக் காட்டி, "துண்டு தூக்குச்சு. நான் பாத்தேன்" என்றார்.

"நான் தூக்கலை!"

"தூக்குனீரு மாப்ளே. வெயில்ல மறந்திருப்பீரு."

அவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. துண்டுக்காரனே இளங்கடாவுக்குத் துண்டு தூக்கிவிட்டான் என்றால் வழக்கம் தானாகவே மாறிவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கும் அடுத்த இரண்டு நாளும் பாறையில் ஆளே நிற்கவில்லை, வந்ததையெல்லாம் சுட்டார்கள், மொத்தம் பதினொரு ஈர்க்குக்கொம்பன். பதினொன்றின் கொம்பையும் நெற்றியெலும்போடு வெட்டி எடுத்து, சுட்டவனுக்குச் சுட்ட கொம்பு என்று கொடுத்தார்கள். முதல் கொம்பை மட்டும் குத்தாலிங்கம் வாங்கிக்கொள்ளவில்லை. "துண்டு தூக்குனவருக்கு உள்ளது அது" என்று சொல்லி, நான் வீட்டில் இல்லாத நேரத்தில் ஆள் விட்டு என் வீட்டு முன்னறைச் சுவரில் ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போனார். நான் வந்து அதைப் பிடுங்கப் பார்த்தேன், ஆணி வந்தது, கொம்பு வரவில்லை.

பங்குனியில் அந்தக் கொம்பு உதிர்ந்தது. கொம்பு மட்டும், நெற்றியெலும்பு சுவரிலேயே இருந்தது. விழுந்ததை எடுத்து என் சம்சாரம் சண்முகத்தாய் உலையடுப்புப் பக்கம் வைத்தாள், கரண்டி மாட்டலாம் என்று. ஆடியில் சுவரில் இரண்டு மொட்டு முளைத்தன, கைவைத்தால் சூடாக, கன்றுக்குட்டியின் மூக்கைப்போல மெத்தென்று. கார்த்திகையில் தோல் உரிந்தபோது இரண்டு கிளை இருந்தது. மற்றப் பத்து வீட்டிலும் இதேபோலத்தான் என்று டீக்கடையில் கேட்டுத் தெரிந்துகொண்டோம். ஊரில் பழைய வீடுகளில் பாட்டன் காலத்துக் கொம்புகள் எத்தனையோ உண்டு, மூன்று கிளையும் முற்றி வயது முடிந்து விழுந்த கடாக்களின் கொம்புகள், அவை ஒன்றுகூட அசையவில்லை. இந்தப் பதினொன்று மட்டும்தான், தங்களுக்குக் கிடைக்காத வருஷங்களை எங்கள் சுவரில் இருந்துகொண்டு வாங்க ஆரம்பித்தன.

ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று சொன்னால் பொய், ஆனால் இதற்காக வேலையை நிறுத்தவும் இல்லை. கொம்பு இருக்கிற சுவருக்கு எதிரே குழந்தையைத் தொட்டிலில் போடக்கூடாது என்று பெண்கள் தீர்மானித்தார்கள். பங்குனி பிறந்தால் அந்தச் சுவரோரம் யாரும் உட்காருவதில்லை, சாப்பாட்டு இலைகளை மறுபக்கம் போட்டார்கள். தோல் மூடியிருக்கும் மாதங்களில் ஈ மொய்க்கிறது என்று வேப்பெண்ணெய் தடவினார்கள். உரியும் காலத்தில் கொம்பு எதிலாவது உரசிக்கொள்ள வேண்டும் என்று தவிக்கும், சுவர்ச் சுண்ணாம்பு உதிரும், அதற்கென்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு முருங்கைக்கட்டையைப் பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். விழுந்த கொம்பில் மண்வெட்டிக்குப் பிடி போட்டார்கள், கத்திக்குப் பிடி போட்டார்கள், தவசி கடையில் டீ வடிகட்டும் துணியை அதில்தான் மாட்டினான். வெளியூரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பெண் முதல் வாரம் அழுவாள், இரண்டாவது வாரம் ஈரச்சேலையை அதில் காயப்போடுவாள்.

கஷ்டம் மூன்றாம் வருஷக் கார்த்திகையில் வந்தது. மலையில் இளங்கடா இல்லை, இருந்த கிழட்டுக் கடாக்களும் இரண்டு வருஷத்தில் ஒவ்வொன்றாகச் செத்துப்போயின, அவற்றின் இடத்தில் நிற்க ஆள் இல்லை. கடா தேடும் பருவத்தில் பெட்டைகள் ஓடை வழியாக இறங்கி, பயிரின் நடுவாக நடந்து, விடிந்தும் விடியாத நேரத்தில் ஊருக்குள் வந்து, பதினொரு வீட்டு வாசலில் நின்றன. உள்ளே சுவரில் கொம்பு முட்டும், வெளியே பெட்டை காதை ஆட்டும். வாசல் தெளிக்கப் போன பெண்கள் அவற்றைச் சுற்றிக்கொண்டு தெளித்தார்கள். வாசலுக்கு வந்ததைச் சுட ஒருவனுக்கும் கை வரவில்லை, அதற்குள் அவற்றுக்கு ஊரில் சம்பந்திகள் என்று பேர் வைத்தாகிவிட்டது.

பூரணம்தான் ஒருநாள் டீக்கடை முன்னால் நின்று கத்தினாள். "முன்ன திருட்டுத்தனமா வந்து தின்னுச்சுவ. இப்ப சம்பந்தக்காரவுகளா வந்து, வழியெல்லாம் தின்னுக்கிட்டு வருதுவ. இதுக்குத்தான் சின்னத எல்லாம் சுட்டீயளா?"

"நீதான சுடச் சொன்ன?" என்றார் ஒருவர்.

"நான் பசியில சொன்னேன். நீங்க வயிறு நெறஞ்சுல்லா சுட்டீய?" என்றாள் அவள். பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணாச்சி, அன்னைக்கி நீங்க பெட்டையில கொஞ்சம் எடுன்னு சொன்னது சரி. ஆனா பொறவு துண்டத் தூக்கிட்டீயளே" என்றாள்.

அந்த ஒரு சொல் எனக்குப் போதாதா? ஆறு மாதம் தூக்கம் கெட்டது. நடந்துகொண்டே இருந்தேன். வயலுக்குப் போய் வீட்டுக்கு வருவேன், வீட்டுக்கு வந்து கொம்பைப் பார்த்ததும் மறுபடி வயலுக்குப் போவேன். நான் சொன்னது சரி என்று ஊர் ஒத்துக்கொண்டது, நான் செய்யாததை நான்தான் செய்தேன் என்றும் ஊர் நம்பியது, இரண்டுக்கும் நடுவில் நான் நிற்க ஒரு சாண் இடம் இல்லை.

ஐந்தாம் வருஷம் ஐப்பசியில், மழை பிடித்துக்கொண்டு எல்லோரும் டீக்கடையில் அடைந்துகிடந்த ஒரு மத்தியானம், தவசி வழக்கம்போலப் பேச்சுக்குப் பேச்சு கேலி செய்துகொண்டிருந்தவன், யாரோ அவன் வீட்டுக் கொம்பு எத்தனை சாண் என்று கேட்டதற்கு, "மூணு சாண்வே. நான்தான சுட்டேன். சின்னதுன்னு தெரிஞ்சுதான் சுட்டேன். பாத்த உடனே தெரிஞ்சுது. கறி வெண்ண மாதிரி இருக்கும்னு ஆச, சுட்டுட்டேன். போதுமா?" என்றான். கடைசிச் சொல்லைச் சொல்லும்போது கேலி போய்விட்டது, வடிகட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் கொம்பு ஆட்டுரல் மேல் விழுந்துகிடந்தது, நெற்றியெலும்பும் சேர்ந்து. பங்குனிக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது. சுவரில் வெறும் ஓட்டைதான். அடுத்த வருஷம் அங்கே ஒன்றும் முளைக்கவில்லை.

ஊர் புரிந்துகொண்டது. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாக, சாஸ்தா கோயில் முன்னால், கொம்புள்ள வீட்டுக்காரன் பத்துப்பேர் கேட்க எழுந்து நின்று, சின்னதென்று தெரிந்தேதான் சுட்டேன் என்று சொன்னான். சிலர் சண்டைக்குப் போவதுபோலச் சொன்னார்கள், சிலர் அழுதார்கள், ஒருவன் தன் பெண்டாட்டி முதுகில் கைவைத்துத் தள்ளியதால் சொன்னான். எப்படிச் சொன்னாலும் கொம்பு விழுந்தது. உண்மை என்றால் போதும், அழுகை வேண்டாம் என்று தெரிந்தபிறகு சீக்கிரம் சீக்கிரமாகச் சொல்லி முடித்தார்கள். தை பிறப்பதற்குள் பத்துச் சுவர் வெறுமையானது. என் வீடு மட்டும் மிச்சம்.

என் வீட்டுக் கொம்புக்குச் சொல்ல வேண்டியவர் குத்தாலிங்கம். நான் போய்க் கேட்டேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அக்கா பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"அத்தான், எல்லாரும் சொல்லியாச்சு."

"ரொம்ப சந்தோசம்."

"நீங்க சொல்லணும்."

"என் வீட்டுச் சுவத்துல கொம்பு இல்லையே மாப்ளே. நான் எதச் சொல்ல?" என்று கையைக் கழுவிக்கொண்டு எழுந்துபோனார்.

அக்காதான் வாசல்வரை வந்தாள். "ஏ ஐயம்பெருமாளு, நீயே சொல்லிரேன்டா. ஒரு வார்த்த தான. தெரியாம தூக்கிட்டேன்னு சொல்லு. உன் மக கோமதிக்கு மாப்பிள்ள பாக்கணும்லா?"

அது பெரிய பேச்சு. அதற்கு முந்தின மாதம்தான் கோமதியைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள், பையனின் அம்மா எழுந்திருக்கும்போது கொம்பு அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டது, விடவில்லை, கடைசியில் சேலையைக் கிழித்துத்தான் அவளை எடுத்தோம். சண்முகத்தாய் அன்றிலிருந்து என்னோடு பேச்சைக் குறைத்துவிட்டாள். ஊரில் வந்து வந்து சொன்னார்கள், உமக்கு என்ன கௌரவம் கெட்டுப்போகிறது, பத்துப்பேரும் சொல்லவில்லையா, ஒரு துண்டு, ஒரு கை, வெயிலில் ஒரு மறதி, சொல்லித் தொலையும் என்று. நான் நடந்தேன், நடந்து நடந்து செருப்பு தேய்ந்தது, மொட்டைப்பாறைக்குப் போய் நின்று பார்த்தேன், என் கை தூக்கியதா தூக்கியதா என்று என் கையையே கேட்டேன். கை இல்லை என்றது.

தை கடைசி வெள்ளிக்கிழமை சாஸ்தா கோயில் முன்னால் எழுந்து நின்று சொன்னேன். "அன்னைக்கு நான்தான் துண்டத் தூக்கினேன்."

குத்தாலிங்கம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார், பெருந்தன்மையாகத் தலையை ஆட்டினார். பூரணம் பெருமூச்சு விட்டாள். எல்லோரும் எழுந்து என் பின்னாலேயே என் வீட்டுக்கு வந்தார்கள், கடைசிக் கொம்பு விழுவதைப் பார்க்க. கதவைத் திறந்தோம். கொம்பு விழவில்லை. இரண்டு கொம்பிலும் மூன்றாவது கிளைக்கு மேலே, மிளாவுக்கு இல்லாத நாலாவது கிளை, பச்சையாக, ரத்தச் சூட்டோடு எட்டிப் பார்த்தது.

"பாத்தீங்களா, பாத்தீங்களா!" என்று நான் கத்தினேன். "நான் சொன்னது பொய்! கொம்பே சொல்லுது!"

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு தவசி, கேலியில்லாமல், என் தோளைத் தொட்டு, "மனசார சொல்லலை அண்ணாச்சி. அதான்" என்றான். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்று கலைந்துபோனார்கள். என் பேரில் ஊர் சொன்னது அதுவரை குத்தாலிங்கத்தின் வார்த்தை ஒன்றை வைத்துத்தான். அன்றைக்குப் பிறகு என் வார்த்தையையும் வைத்துச் சொன்னார்கள். அவரே ஒத்துக்கொண்டாரே என்றார்கள். இப்படி ஒருவனுடைய வாயையே பிடுங்கி அவனுக்கு எதிராக நிறுத்திய ஊர் வேறு எங்கும் உண்டா என்று எனக்குத் தெரியாது.

பிறகு வேட்டைக்குத் தடை வந்தது. துப்பாக்கிகளைக் கொண்டுபோய் ஒப்படைத்தோம். வீட்டில் கொம்பு வைத்திருப்பவர்கள் கணக்குக் காட்ட வேண்டும் என்று வனத்துறையிலிருந்து ஒருவர் வந்து என் கொம்பை அளந்து எழுதிக்கொண்டு போனார், மறுவருஷம் வந்து அளந்தால் ஒரு சாண் கூட இருந்தது. "ஏன் பெரியவரே, மாத்தி வச்சிட்டீரா?" என்றார். "இல்லய்யா, அது வளருது" என்றேன். அவர், அளவு நிலையில்லை என்று எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். சரியான மனுஷன். அவர் ஒருவர்தான் கண்ணால் கண்டதைக் கண்டபடி எழுதினார்.

மலையில் சுடுவது நின்றதும், எங்கிருந்தோ வேறு மலையிலிருந்து கடாக்கள் வந்து சேர்ந்தன, பெட்டைகள் ஊருக்கு வருவது குறைந்தது. என் வாசலுக்கு மட்டும் கார்த்திகைதோறும் ஒன்று வரும். கோமதியைத் தூரத்தில் ஒரு ஊரில், கொம்பைப் பற்றித் தெரியாத இடமாகப் பார்த்துக் கொடுத்தோம், அவள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இங்கே வருவதில்லை. சண்முகத்தாய் போய்ச்சேர்ந்தாள். கொம்பு ஆறாவது கிளை விட்டு கூரை ஓடுகளைப் பிரித்துக்கொண்டு வெளியே போனது, மழைக்குச் சாக்கு போட்டுக்கொண்டேன். மிளாவின் ஆயுசு பதினைந்து வருஷம், அதைத் தாண்டி இன்னொரு பதினைந்து ஆயிற்று, அது நிற்கவில்லை. அதற்கு இப்போது வருஷம் வேண்டியதில்லை, வேறு ஒன்று வேண்டும். எனக்கும் அதுதான் வேண்டும்.

அந்த இளங்கடாவைச் சுட்டு முப்பது வருஷம் கழித்துக் குத்தாலிங்கம் படுக்கையில் விழுந்தார். என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போனேன். முற்பகல், அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். உடம்பு வற்றி, மீசை மட்டும் பழையபடி இருந்தது.

"உக்காரும் மாப்ளே. இன்னும் நடந்துக்கிட்டேதான் இருக்கீரா?"

"உக்காந்தா கொம்பு முட்டுது" என்றேன்.

பிறகு சொன்னார், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. "நீரு தூக்கலை."

முப்பது வருஷம். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டேன்.

"நீரு தூக்கமாட்டீருன்னு தெரியும். பூரணம் பிள்ளையள பட்டினி போட்டுட்டுக் கெடக்கா, ஊரு முடிவெடுக்க மாட்டேங்குது. ஒருத்தன் சுட்டாத்தான் மத்தவன் சுடுவான். நான் மீறிச் சுட்டேன்னா குத்தம். துண்டு தூக்குச்சுன்னா வழக்கம். அதான் சொன்னேன். ஊருக்காகத்தான் சொன்னேன் மாப்ளே."

"ஊருக்காகச் சொன்னத ஊரு கேக்கச் சொல்லும். நான் பத்துப்பேரக் கூட்டியாரேன். இப்பவே."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "வேண்டாம். உமக்குச் சுவத்துல ஒரு கொம்பு, அவ்வளவுதான். எனக்குப் பேரு இருக்கு, மகன் இருக்கான். நாளைக்கு உங்கக்கா தெருவுல நடக்கணும்லா."

நான் திரும்பினேன். கதவுக்கு அந்தப்பக்கம் அக்கா கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தாள். கிண்ணத்திலிருந்து ஆவி வரவில்லை, ஆறிப்போயிருந்தது. வெகுநேரமாக நிற்கிறாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, என்னைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய் அவருக்கு வாயில் கஞ்சி விட ஆரம்பித்தாள்.

மூன்றாம் நாள் அவர் செத்தார். எங்கள் ஊரில் பாடைத்தேரைத் தூக்குவதற்கு முன்னால், செத்தவரின் மகன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஊரைப் பார்த்துக் கும்பிட்டு, அப்பா யாருக்காவது ஏதாவது திருப்ப வேண்டியிருந்தால் இப்போது சொல்லுங்கள், நான் திருப்புகிறேன் என்று மூன்றுதடவை கேட்பான். கேட்டு முடித்தால்தான் தூக்குவார்கள். குத்தாலிங்கத்தின் மகன் திருமலைக்குமார் நல்ல பையன், கேட்டான். ஒருவர் தன் ஏணி அவர் வீட்டில் இருக்கிறது என்றார், எடுத்துக்கொடுத்தான். பூரணம், பல்லெல்லாம் போய்விட்டது, ஒரு மரக்கால் விதைக்கடலை வாங்கியிருந்தார் என்றாள், அளந்துகொடுத்தான். மூன்றாம் தடவை கேட்டபோது நான் முன்னால் போய் நின்றேன்.

"எனக்கு ஒண்ணு வரணும்."

"சொல்லுங்க மாமா."

"ஒரு வார்த்தை. நான் துண்டத் தூக்கலைன்னு."

கூட்டம் முணுமுணுத்தது. சங்கு ஊதுகிறவன் சங்கை இறக்கிவிட்டான். திருமலைக்குமார் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "மாமா, நீங்களே கோயில் முன்னால ஒத்துக்கிட்டீங்கன்னு சொல்லுதாங்களே."

"உங்கப்பா மூணு நாளைக்கு முன்ன என்கிட்டச் சொன்னாரு. நான் தூக்கலைன்னு அவர் வாயாலயே சொன்னாரு."

"யாரு கேட்டா?"

நான் பெண்கள் பக்கம் பார்த்தேன். அக்கா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் நான் பார்த்த திசையில் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அவருடைய முகத்தில் உட்கார்ந்த ஈயை விரட்டினாள், ஈ போனபிறகும் கையை வீசிக்கொண்டே இருந்தாள்.

"அன்னைக்கி நான் பொறக்கவே இல்லை மாமா," என்றான் திருமலைக்குமார், மிகவும் மெதுவாக. "ஏணின்னா எடுத்துத் தருவேன். கடலைன்னா அளந்து தருவேன். நான் பாக்காதத எப்படித் தருவேன்?"

அவன் சொன்னதிலும் தப்பில்லை. நாலுபேர் என்னைத் தோளைப் பிடித்து ஓரமாக நகர்த்தினார்கள், முரட்டுத்தனமாக இல்லை, மரியாதையாகத்தான். தேரைத் தூக்கினார்கள். சொல்ல வேண்டியவர் சொல்லாமலே என் முன்னால் போனார்.

இதெல்லாம் நடந்து ஐந்து வருஷம் ஆகிறது. கேட்டவள் ஒருத்தி மிச்சம் இருப்பதால் எனக்கு வரவேண்டியது செத்துப்போகவில்லை, அவரிடமிருந்து அக்காவிடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அக்காவுக்கு எழுபது தாண்டிவிட்டது. தினமும் பகலில் எனக்குச் சோறு கொண்டுவருகிறாள், கம்பை ஊன்றிக்கொண்டு, தூக்குவாளியோடு, தெரு முழுக்க நடந்து. வந்து முன்னறையில், கிளைகளுக்கு அடியில் குனிந்து, நான் தின்று முடிக்கும்வரை உட்காருகிறாள். தெருவில் எப்போதும் பத்துப்பேர் இருப்பார்கள், வாசலுக்கு இரண்டு எட்டுதான். சிலநாள் போகும்போது வாசல்படியில் நின்றுவிடுவாள், தெருவைப் பார்ப்பாள், அவள் தொண்டை அசையும். நான் சோற்றில் கையை வைத்தபடி பார்ப்பேன். கொம்பும் முட்டுவதை நிறுத்திவிடும்.

நேற்றும் நின்றாள். வெகுநேரம் நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "போதுமாடா தம்பி?" என்று கேட்டாள்.

"போதாது அக்கா" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டு, வாளியை எடுத்துக்கொண்டு, தெருவில் இறங்கிப் போனாள்.